காட்டுல உயிர் பிழைக்க கத்துத்தர்ற வீக்கெண்ட் கேம்ப்: 3,800 ரூபா குடுக்கலாமா வேணாமா

மொதல்ல முடிவ சொல்லிடறேன், நேரம் இருக்கறவங்க மட்டும் கீழ படிங்க. ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு தனியார் தோட்டத்துல நடக்குற சனி ஞாயிறு கேம்ப் இது. காட்டுல மாட்டிக்கிட்டா செடி கொடி கிழங்கு தின்னு உயிர் பிழைக்கறது எப்படின்னு சொல்லித்தர்றாங்களாம், தலைக்கு 3,800 ரூபா, சாப்பாடு டென்ட் எல்லாம் அதுலயே அடக்கம். உயிர் பிழைக்கற வித்தை கத்துக்கணும்னு போனீங்கன்னா அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். வயக்காட்டு கீரை கத்துக்கணும்னு போனீங்கன்னா அஞ்சுக்கு நாலரை, அந்த அரையும் டாய்லெட்டுக்காக கொறச்சது. ரெண்டையும் ஒரே டிக்கெட்ல விக்கிறாங்க ஆனா விளம்பரத்துல கத்தியும் நெருப்பும் தான் வருது, கீரைய காணோம், அது தான் என் மொத்த கம்ப்ளெயின்ட்டும்.

நடத்துறவங்க பேர வேணும்னே போடல. இந்த மாதிரி கேம்ப் இப்ப மலை இருக்கற ஊர்ல எல்லாம் யாராவது ஒருத்தர் போடறாங்க, நீங்க எதுல சேரப்போறீங்களோ அங்க இதையெல்லாம் கேட்டுட்டு காசு கட்டுங்க, அவ்வளவு தான்.

போற வழி, டென்ட், மெத்தை பத்தியெல்லாம் எழுத ஒண்ணுமில்ல, எல்லாம் இருந்துச்சு. ஆளு முப்பது பேர், டாய்லெட் ரெண்டு. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

சனிக்கிழமை காலைல மொத செஷன் ட்ரெய்னர் தம்பியோடது. நல்ல புள்ள, சுறுசுறுப்பா பேசுறாரு, இடுப்புல கத்தி, கால்ல பூட்ஸ், தீக்குச்சி இல்லாம நெருப்பு மூட்டி காட்டினாரு, எல்லாரும் கை தட்டினோம். அதுக்கப்புறம் ஆரம்பிச்சது தான் பிரச்சனை. தெரியாத செடிய தின்னலாமா கூடாதான்னு கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் சொல்லித்தந்தாரு, இது அமெரிக்க ராணுவத்தோட சர்வைவல் மேனுவல்ல இருக்கறது, எஃப்.எம். 21-76 னு தேடினா வரும். எட்டு மணி நேரம் வயித்த காயப்போடணும், செடிய இலை தண்டு வேருன்னு தனித்தனியா பிரிச்சு ஒண்ண மட்டும் எடுத்துக்கணும், முழங்கை மடிப்புல வச்சு 15 நிமிஷம் அரிக்குதான்னு பாக்கணும், ஒதட்டுல வச்சு பாக்கணும், நாக்குல 15 நிமிஷம், மென்னு முழுங்காம இன்னொரு 15 நிமிஷம், அப்புறம் முழுங்கிட்டு எட்டு மணி நேரம் சும்மா ஒக்காரணும், ஒண்ணும் ஆகலன்னா கால் கப் தின்னுட்டு மறுபடி எட்டு மணி நேரம். அதாவது ஒரு செடியோட ஒரே ஒரு பாகத்துக்கு ஒரு நாள் முழுசா போயிடும், அதுவும் பட்டினியோட.

சரி டைம் போனா போகட்டும், பாதுகாப்பா இருந்தா சரின்னு நெனச்சா அதுவும் இல்ல. செங்காந்தள் இருக்கே, நம்ம மாநிலப் பூ, கார்த்திகை மாசம் வேலியில செவப்பும் மஞ்சளுமா நெருப்பு மாதிரி நிக்கும், அதோட கிழங்குல கோல்ச்சிசின்னு ஒரு விஷம் இருக்கு. தின்ன ரெண்டு மணி நேரத்துலயும் வாந்தி பேதி ஆரம்பிக்கலாம், ஒரு நாள் கழிச்சும் ஆரம்பிக்கலாம். எட்டு மணி நேரம் ஒண்ணும் ஆகலயேன்னு நீங்க கால் கப்ப உள்ள தள்ளிட்டு ஒக்காந்திருப்பீங்க. சில காளான் விஷமும் இப்படித்தான், ராத்திரி தின்னா மறுநாள் தான் வேலைய காட்டும், அப்புறம் ஈரல போட்டு அடிச்சிடும். காளான தொடவே தொடாதீங்கன்னு அந்த மேனுவலே சொல்லுது, ட்ரெய்னர் அந்த பக்கத்த மட்டும் விட்டுட்டாரு, கூட வந்த ஒரு அக்கா கேட்டப்புறம் தான் "ஆமா ஆமா காளான் வேணாம்"னாரு.

அப்புறம் ஒரு புக்லெட் குடுத்தாங்க, கலர் பிரின்ட், வழுவழு பேப்பர். தொறந்தா டான்டிலயன், சிக்வீட், ஓக் மரத்துக் கொட்டை. ஐயா ஜவ்வாது மலையில ஓக் மரத்துக்கு நான் எங்க போவேன்? எவனோ குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்குன்னு எழுதினத அப்படியே எறக்கியிருக்காங்க. மொத்த புக்லெட்ல நம்ம பக்கம் கெடைக்கறது ஒண்ணே ஒண்ணு, சம்பு. ஏரி ஓரத்துல ஆள் ஒசரத்துக்கு நிக்கும், உச்சியில பழுப்பு நெறத்துல உருட்டையா பூ வரும், அது தான். அதோட அடித்தண்டும் வேர்க்கிழங்கும் திங்கலாம்ங்கறது உண்மை தான். ஆனா சம்பு கெட்ட தண்ணியில இருக்கற உலோகத்த உறிஞ்சி வச்சிக்கற செடி, கழிவுநீர சுத்தம் பண்றதுக்குன்னே அத நடறாங்க. இந்தப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு பாலாத்தங்கரை முழுக்க தோல் பதனிடற ஊரு, குரோமியம் கலந்த தண்ணி எத்தன வருஷமா ஓடியிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணியில நிக்கற சம்ப புடுங்கித் தின்னுட்டு உயிர் பிழைச்சேன்னு சொன்னா எப்படி. இந்த எச்சரிக்கை ஒரு வரி கூட புக்லெட்ல இல்ல.

இன்னொரு விஷயம் எல்லா சர்வைவல் கேம்ப்காரங்களும் ஓரமா ஒதுக்கி வச்சிடறாங்க. காட்டுல வழி தவறினா மொத எதிரி பசி இல்ல. சாப்பாடு இல்லாம வாரக்கணக்குல தாங்கலாம், தண்ணி இல்லாம மூணு நாளே கஷ்டம், வெயில்லயும் குளிர்லயும் மாட்டினா அதுவும் கம்மி. அதனால மொதல்ல நெழல் பாரு, தண்ணி பாரு, நின்ன எடத்துலயே நில்லு, தேடி வர்றவங்க கண்ணுல படற மாதிரி இரு. செடி தேடறது கடைசி வேலை. அப்படியே தேடினாலும் கீரைய வச்சு பொழைக்க முடியாது. முளைக்கீரை வகை எத எடுத்தாலும் 100 கிராம்ல ஏறத்தாழ 25 கலோரி தான் இருக்கும், ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,000 வேணும்னு வச்சா எட்டு கிலோ கீரை திங்கணும். மாடு கூட யோசிக்கும். கிழங்கு, கொட்டை, தேன், பழம், இதுல தான் தெம்பு.

இத நம்மாளுங்க ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே கரெக்டா சொல்லி வச்சிருக்காங்க. பாரியோட பறம்பு மலைய மூவேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டப்ப கபிலர் பாடினது புறநானூறு 109. உழவன் உழாமலே இந்த மலையில நாலு விளையும், நீங்க எத்தன நாள் சுத்தி நின்னாலும் இவன பட்டினி போட முடியாதுங்கறாரு. அந்த நாலு என்னன்னு பாருங்க: மூங்கில் நெல்லு, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நாலுமே மாவும் சக்கரையும். கீரையோட பேரே இல்ல. முற்றுகையில எது தாங்கும் எது தாங்காதுன்னு கபிலருக்கு தெரிஞ்சிருக்கு, 3,800 வாங்கறவங்களுக்கு தெரியல.

கிழங்கும் கொட்டையும் கெடைச்சிட்டா போதுமான்னா, அதுவும் போதாது. 1861-ல ஆஸ்திரேலியாவுல பர்க்குன்னும் வில்ஸ்னும் ரெண்டு பேர் கண்டத்த தெக்கு வடக்கா கடந்துட்டு திரும்பி வந்து கூப்பர் க்ரீக்ங்கற எடத்துல மாட்டிக்கிட்டாங்க. அவங்களுக்காக காத்திருந்த கோஷ்டி அன்னைக்கு காலைல தான் கெளம்பிப் போயிருக்கு, இவங்க சாயங்காலம் வந்து சேந்தாங்க, தலையெழுத்தப் பாத்தீங்களா. கையில இருந்தது தீந்ததும் யாண்ட்ருவாந்தாங்கற அந்த ஊர் பழங்குடி மக்கள் சாப்பிடற நார்டூங்கற செடிய இவங்களும் பொறுக்கி மாவாக்கி தின்ன ஆரம்பிச்சாங்க. நார்டூ வேற எதுவுமில்ல, நம்ம ஊர் ஆரைக்கீரையோட சொந்தக்கார செடி தான், நாலு இலை பிரிஞ்சு தண்ணியில மெதக்குமே அதே சாதி, அதுல வர்ற வெதை மாதிரி உருண்டைய தான் தின்னாங்க. வயிறு நெறைய தின்னும் நாளுக்கு நாள் காலு சோந்து எலும்பா போயி ரெண்டு பேரும் செத்துட்டாங்க. அதுல தயாமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, பி1 வைட்டமின அழிச்சிடும், பழங்குடி மக்கள் அத வறுத்து, அரைச்சு, நெறைய தண்ணி விட்டு பக்குவம் பண்ணித் தான் சாப்பிடுவாங்க, அந்த பக்குவத்த இவங்க பாதி தான் புடிச்சாங்க, அதனால பெரிபெரிங்கற பி1 கொறபாட்டு நோய் வந்திருக்கும்னு பின்னாடி வந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. கூட இருந்த கிங்னு ஒருத்தர் மட்டும் அந்த மக்களோடயே போய் ஒட்டிக்கிட்டாரு, அவங்க குடுத்தத சாப்பிட்டாரு, செப்டம்பர்ல தேடி வந்தவங்க அவர உயிரோட கண்டுபிடிச்சாங்க.

எதுக்கு இவ்வளவு நீட்டறேன்னா, இந்த கேம்ப்ல உருப்படியான பாதியும் அதே காரணத்துனால, அதாவது உள்ளூர் ஆளு சொல்லித்தந்ததுனால தான் உருப்படி. மத்தியானம் மூணு மணிக்கு மேல பக்கத்து ஊர்ல இருந்து ஒரு பாட்டிய கூட்டிட்டு வந்தாங்க. நோட்டீஸ்ல "உள்ளூர் வழிகாட்டியுடன் நடை"ன்னு கடைசி வரியில சின்ன எழுத்துல போட்டிருந்துச்சே அது இவங்க தான். வயசு எழுபது பக்கம் இருக்கும், கையில ஒண்ணுமில்ல, முந்தானைய மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க, அது தான் கூடை. காட்டுக்குள்ள எங்கயும் போகல. தோட்டத்து வரப்பு, அறுத்த கொல்லி (வயக்காடு), ஏரிக்கரை, குப்பை மேடு, இவ்வளவு தான் சுத்தினோம், கிலோமீட்டர் கணக்குல ஒண்ணு ஒண்ணரை கூட இருக்காது, ஆனா இருட்டற வரைக்கும் போச்சு ஏன்னா நாலடிக்கு ஒரு செடி.

மொதல்ல தொய்யக்கீரை. மழை பேஞ்சு முடிஞ்ச கொல்லியில தானா வர்றது, இளஞ்செவப்பா மெல்லிசா கதிர் விடும், கதிர் முத்தறதுக்கு முன்னாடி நுனிய மட்டும் கிள்ளணும். அப்புறம் பண்ணக்கீரை, அதோட பூவு வெள்ளையும் ரோஸும் கலந்து நெட்டுக்கு நிக்கும், பூ வந்துட்டா விட்டுடுவாங்க. குப்பைக்கீரைக்கு பக்கத்துலயே குப்பைமேனி நிக்குது, சின்னதா இருக்கறப்ப ரெண்டும் ஒரே ஜாடை, எனக்கு வித்தியாசமே தெரியல. பாட்டி ரெண்டு இலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓரத்த தடவச் சொன்னாங்க, குப்பைமேனிக்கு ஓரம் பல்லு பல்லா இருக்கும், கீரைக்கு வழவழன்னு இருக்கும். முள்ளுக்கீரைய காட்டி "முள்ளு எதுக்கு இருக்குது, ஆடு திங்காம நமக்கு வச்சிருக்குது"ன்னாங்க.

பருப்புக்கீரை, அதாவது செவந்த தண்டு, தடிச்ச சின்ன இலை, மஞ்சப்பூவு, தரையோட தரையா படரும். அதே மாதிரி படர்ற சின்ன அம்மான் பச்சரிசியும் பக்கத்துலயே இருக்கு. தண்ட ஒடிச்சுப் பாரு, பாலு வந்தா அது வேற, கீரைக்கு பாலு வராது. இதக் கேட்டதும் நம்ம ட்ரெய்னர் தம்பி உடனே "பால் வர்ற எந்த செடியையும் தொடக்கூடாது, இது பொது ரூல்"னு எடுத்து விட்டாரு. பாட்டி அவர திரும்பி பாத்துட்டு "அப்ப அத்திப்பழம் எப்பிடி தின்ற கண்ணு, பலாப்பழம் எப்பிடி தின்ற"ன்னாங்க. முப்பது பேரும் சிரிச்சிட்டோம், தம்பியும் சிரிச்சாரு, ஆனா விஷயம் அது தான். பொது ரூல்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இந்தச் செடிக்கு இந்த அடையாளம், அந்தச் செடிக்கு அந்த அடையாளம், ஒவ்வொண்ணா தான் கத்துக்கணும், குறுக்கு வழி இல்ல.

சாரணைக்கு ஜோடி இலையில ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. மூக்கிரட்டைக்கு இலையோட அடி வெளுத்திருக்கும், பூவு கடுகு சைஸ்ல ஊதா. நல்வேளைக்கு வெள்ளப்பூவு, நாய்வேளைக்கு மஞ்சப்பூவு, அதத் தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டும். ஆரைக்கு நாலு இலை, புளியாரைக்கு மூணு, அத மென்னா புளிக்கும். இதையெல்லாம் நான் இப்ப தட்டறப்ப நோட்டப் பாத்து தட்டறேன், பாட்டி நடந்துக்கிட்டே, வெத்தல மென்னுக்கிட்டே சொன்னாங்க.

கூட வந்த ஒரு பையன் போன்ல செடி கண்டுபிடிக்கற ஆப் வச்சிருந்தான். ஒரே செடிய மேல இருந்து எடுத்தா ஒரு பேரு, பக்கத்துல இருந்து எடுத்தா இன்னொரு பேரு. பூ இருந்தா ஓரளவு கரெக்டா சொல்லுச்சு, ஆனா கீரைய நாம கிள்றதே பூ வர்றதுக்கு முன்னாடி தானே. பாட்டிக்கு ரெண்டு இலை விட்ட நாத்துலயே தெரியுது. அதுக்கும் மேல ஒண்ணு எந்த ஆப்லயும் வராது: ஒரு வரப்புல தொய்யக்கீரை அவ்வளவு செழிப்பா நிக்குது, எல்லாரும் குனிஞ்சா "அங்க வேணாம், அவன் போன வாரம் களைக்கொல்லி அடிச்சான்"னு கூப்பிட்டுட்டாங்க. எந்தக் கொல்லியில மருந்து, எந்த வாய்க்கால்ல ஊர் சாக்கடை கலக்குது, எந்த மேட்ட நாய் அசிங்கம் பண்ணும், எல்லாம் மனப்பாடம். செடி நல்ல செடியா இருந்தா போதாது, நிக்கற எடமும் நல்லா இருக்கணும். இத ஒண்ண கத்துக்கிட்டதுக்கே பாதி காசு சரியா போச்சு எனக்கு.

ராத்திரி சமையல். பறிச்சது எல்லாத்தையும், பத்து பன்னெண்டு வகை இருக்கும், ஒண்ணா சேத்து நல்லா அலசி மண்சட்டியில வேகவச்சு, பூண்டு, பச்சமொளகா, கொஞ்சம் புளி போட்டு மத்துல கடைஞ்சாங்க. திருவண்ணாமலை வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு கலவைக்கீரைன்னு சொன்னாலே போதும், கூடைக்காரம்மா கொண்டு வர்றத வாங்கியிருப்பீங்க, ஆனா அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சு சொல்லத் தெரியாம தானே தின்னுட்டு இருந்தோம். கூட சாமைச்சோறு, மலை மேல வெளைஞ்சது. பசிக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்லல, நெசமாவே டேஸ்ட், மூணாவது வாட்டி கேட்டு வாங்கினவங்க இருக்காங்க. நல்வேளைய மட்டும் தனியா வேகவச்சு தண்ணிய கீழ ஊத்திட்டு அப்புறம் சேத்தாங்க, கசப்பு போறதுக்கு. பருப்புக்கீரையில ஆக்சலேட் ஜாஸ்தி, அதையும் வேகவச்ச தண்ணிய கொட்டிட்டா கொறையும், கிட்னியில கல்லு வந்தவங்க அத அளவா சாப்பிடறது நல்லது, இத கேம்ப்ல யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

பிரண்டை துவையல் தனியா ஒரு பாராவுக்கு தகுதியானது. வேலியில இருந்து இளங்கொழுந்தா ஒடிச்சு, கையில நல்லெண்ண தடவிக்கிட்டு, கணுவ நறுக்கித் தள்ளி, நாலு ஓரத்து நாரையும் உரிச்சாங்க. எண்ண தடவாம உரிச்ச ஒரு அண்ணன் ராத்திரி முழுக்க கைய சொறிஞ்சிக்கிட்டே இருந்தாரு. அதுல ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்கு, அது தான் குத்துது. நல்லெண்ணயில நெறம் மாறி சுருங்கற வரைக்கும் வதக்கணும், அவசரப்பட்டா தொண்டை அரிக்கும், அப்புறம் புளி, வரமொளகா, உளுத்தம்பருப்பு. காட்டுக்கருணைக்கும் இதே கதை தான், புளி இல்லாம வேகவைக்கவே மாட்டேன்னாங்க. சர்வைவல் கிட்ல கத்தி, கயிறு, விசில்னு என்னென்னமோ வச்சிருக்காங்க, ஒரு உருண்ட புளி வச்சிருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை காலைல கிழங்கு. பாட்டியோட பேரன் கடப்பாரையோட வந்தாரு, வேலியோரமா ஏறியிருந்த காட்டுவள்ளி கொடிய காட்டி தோண்ட ஆரம்பிச்சாரு. கிழங்கு நேரா கீழ எறங்குது, இடுப்பளவு குழி ஆயிடுச்சு, பாறை வேற, நாங்களும் மாத்தி மாத்தி கை குடுத்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும். கெடைச்சது மூணு பேர் ஒரு வேளைக்கு சாப்பிடற அளவு. கிழங்குல 100 கிராமுக்கு 110, 120 கலோரி இருக்கு, கீரைக்கு இது எவ்வளவோ மேல, ஆனா தோண்டறதுக்கு செலவான தெம்ப கழிச்சா மிச்சம் எவ்வளவுன்னு யோசிங்க. பழக்கம் இருக்கறவருக்கே இப்படின்னா வழி தவறி, தண்ணி இல்லாம, கடப்பாரையும் இல்லாம கையால தோண்டப் போறவன் கதி? எடுத்தப்புறம் கிழங்கோட தலைய கொடியோட சேத்து திரும்ப குழியிலயே போட்டு மண்ண மூடிட்டாரு, அடுத்த மழைக்கு மறுபடி வரும். இது எனக்கு ரொம்ப புடிச்சுது. ட்ரெய்னரோட வகுப்புல எடுக்கறத பத்தி தான் பேச்சு, திரும்ப வைக்கறத பத்தி ஒரு வார்த்தை வரல.

அங்கயே பத்தடி தள்ளி செங்காந்தளும் இருந்துச்சு. ரெண்டும் கொடி, ரெண்டுக்கும் கீழ கிழங்கு. வள்ளிக்கு இலை இதய வடிவத்துல, காம்புகிட்ட இருந்து நரம்பு பல கோடா பிரிஞ்சு ஓடும். செங்காந்தளுக்கு இலை நீளம், நுனி சுருண்டு கம்பி மாதிரி பக்கத்து செடிய புடிச்சிக்கும், கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும், கலப்பைக்கிழங்குன்னும் கண்வலிக்கிழங்குன்னும் சொல்றது இதத்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இத வெதைக்காக பயிரே பண்றாங்க, மருந்து கம்பெனிக்கு போகுது. பூவும் இலையும் இருக்கற வரைக்கும் கொழப்பமே இல்ல, ஆனா காஞ்சப்புறம் கொடி பட்டுப்போயி வெறும் கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள கெடக்கும், அப்ப தோண்டறவன் தான் மாட்டுவான். இலங்கைல சாப்பிடற கிழங்குன்னு நெனச்சு இத தின்னு செத்தவங்க கேஸ் மருத்துவ இதழ்கள்லயே வந்திருக்கு. கொடியில இலை இல்லன்னா கடப்பாரைய தொடமாட்டேன்னு அந்த பேரன் சொன்னாரு, அந்த ஒரு வரிய புக்லெட்டோட மொத பக்கத்துல அச்சடிக்கலாம்.

பழம் பெருசா ஒண்ணுமில்ல, சொடக்குத்தக்காளி, சூரைப்பழம், கொஞ்சம் எலந்தை, கிராமத்துல வளந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சது தான். எட்டி மரம் ஒண்ணு ஆரஞ்சு கலர்ல காய்ச்சுத் தொங்குச்சு, பாக்க குட்டி கமலா ஆரஞ்சு. எட்டி பழுத்தா என்னன்னு பழமொழியா கேட்டிருக்கோமே தவிர அத நேர்ல காட்டி இது தான்னு சொன்னா எங்க குரூப்ல பாதி பேருக்கு தெரியல. உள்ள இருக்கற கொட்டையில ஸ்ட்ரிக்னின்ங்கற விஷம். கொழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க குன்றிமணி, ஊமத்தை, காட்டாமணக்கு, அரளி, எட்டி இந்த அஞ்சையும் மொதல்ல காட்டிட்டு அப்புறமா கீரைக்கு வாங்க.

ஒரு விஷயத்துக்கு நடத்துறவங்கள பாராட்டணும். ரெண்டு மூணு பேர் "என்ன சார் வரப்புலயே சுத்திட்டு இருக்கோம், உள்ள காட்டுக்குள்ள போலாம்"னு நச்சரிச்சாங்க, முடியாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படி குத்தம், செடி புடுங்கினா இன்னும் மேல. 2006 வன உரிமைச் சட்டம் காட்டுல வாழற மக்களுக்கு தேன், கிழங்கு மாதிரி சிறு வனப்பொருள் எடுக்கற உரிமைய குடுக்குது, அது அவங்களுக்கு, வீக்கெண்ட்ல வேன் ஏறி வர்ற நமக்கு இல்ல. வேற எதாவது கேம்ப்ல "காட்டுக்குள்ள கூட்டிட்டு போவோம்"னு சொன்னா அனுமதிச் சீட்ட காட்டச் சொல்லுங்க, மழுப்பினா காச திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க.

இப்ப வயித்தெரிச்சல் பகுதி. முப்பது பேர், ஆளுக்கு 3,800, மொத்தம் 1,14,000 ரூபா. பாட்டிகிட்ட பேச்சுவாக்குல எவ்வளவு குடுப்பாங்கன்னு கேட்டேன், ஒரு நாளைக்கு 600ன்னாங்க, அதுவும் "களை எடுக்கப் போனா இதவிட கம்மி தான் சாமி"ன்னு சந்தோஷமா தான் சொன்னாங்க. நடத்துறவர்கிட்ட கேட்டா உள்ளூர் ரேட் அது தான்னாரு. உள்ளூர் ரேட்டா இருக்கலாம், ஆனா அந்த கேம்ப்ல விக்கறதுக்கு இருந்த ஒரே சரக்கு அந்தம்மாவோடது. பேரும் இல்ல, போட்டோவும் இல்ல, மேடையில அறிமுகமும் இல்ல, ட்ரெய்னரோட கட்அவுட் மட்டும் வாசல்ல. கடைசியில நாங்க சில பேர் சேந்து தனியா கொஞ்சம் குடுத்தோம், நீங்க போனாலும் குடுங்க.

யாரு போகலாம்: சிட்டியிலயே வளந்தவங்க, கீரைன்னா கட்டுல கட்டினது தான்னு நெனைக்கறவங்க, டீச்சருங்க, மாடித்தோட்டம் போடறவங்க, இவங்களுக்கு காசு வீண் இல்ல. யாரு போக வேணாம்: ட்ரெக்கிங் போறவங்க, அந்த காசுல ஒரு நல்ல முதலுதவி வகுப்பும் மேப் பாக்கற வகுப்பும் போங்க. சொந்த ஊர்ல இன்னும் நெலம் இருக்கறவங்களும் வேணாம், களை எடுக்கற அக்காங்க கூட ஒரு காலைப்பொழுது பின்னாடியே நடந்தா இதே பாடம் தான், அவங்களுக்கு கூலியும் டீயும் வாங்கிக் குடுத்துட்டா ஆச்சு.

போறவங்க கவனிக்க: முழுக்கால் பேன்ட், நோட்டு பேனா, தண்ணி பாட்டில் கட்டாயம். பாட்டி எந்த செஷன்னு மொதல்லயே கேட்டு வச்சுக்கோங்க, எங்க பேட்ச்ல சில பேர் அந்த நேரம் வில்லு அம்பு விடப் போயிட்டாங்க. முப்பது பேர்ல பின்னாடி நின்னா ஒண்ணும் கேக்காது, வெக்கப்படாம பாட்டி பக்கத்துலயே நில்லுங்க. அப்புறம் முக்கியமா, ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் எந்த பேட்ச்லயும் சேரலாம், கீரை கொட்டிக் கெடக்கும். சித்திரை வைகாசி பேட்ச்ல சேராதீங்க, வரப்பு காஞ்சு கெடக்கும், பிரண்டையும் முத்திப் போயிருக்கும், அப்பவும் அதே 3,800 தான் வாங்கறாங்க.